மழை நாளில் எழுந்த சுவர்

போன மாதம் பர்ஸானா மிஸ் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கள் தோட்ட வீடமைப்புத் திட்டத்துக்குக் கணினி வேலை பார்க்கச் சின்னப் பிள்ளையாக வந்து சேர்ந்தவர். இப்போது அவருக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது.

"ராமையா அண்ணன், புதுசா வேலைக்கு வாற பிள்ளைகளுக்கு ஒரு கைநூல் போடுறோம். எல்லாரும் தகவலை ஒரே இடத்துல போட்டு, எல்லாரும் பாக்குற முறை கொண்டு வந்தோமே, அது கட்டட வேலையில தரத்துக்கு எப்படி உதவிச்சுன்னு நீங்க எழுதித் தரணும். நீங்கதானே அதுல முதல் ஆள்" என்றார்.

முதல் ஆள் என்றதும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசனை வந்தது. வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல் என்றெல்லாம் எழுத அவர்களுக்கே ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பயம் ஒன்றுதான். கொங்கிரீட்டோடு மாரடித்த அத்தனை வருஷத்திலும் பயமில்லாமல் நான் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. மழைக்குப் பயம், மேலதிகாரிக்குப் பயம், பொலிசுக்குப் பயம், கடைசியில் கணினித் திரையில் என் பெயர் வருவதற்கும் பயம். அதைத்தான் எழுதப் போகிறேன். கைநூலுக்கு ஒத்துவராததைப் பர்ஸானா மிஸ் வெட்டிக்கொள்ளட்டும்.

யட்டியாந்தோட்டைக்கும் கித்துல்கலவுக்கும் நடுவில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். தோட்டத்து ஸ்டோரில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூற்று இரண்டில், முப்பத்தைந்து வயதுக்கு மேல், கஹவத்தைப் பக்கம் பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஆய்வுகூட உதவியாளனாகச் சேர்ந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பின அன்று அப்பா ஒரே ஒரு புத்திதான் சொன்னார்.

"நல்லா வேல செய். ஆனா பேரு மட்டும் வெளிய வராமப் பாத்துக்க."

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கலவரத்தில் எங்கள் லயனுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தீ வைத்த வருஷம், வந்தவர்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சங்கத் தலைவர், கடைக்காரர், வாய் பேசுகிற ஆள் என்று பெயர் தெரிந்தவர்களைத்தான் முதலில் தேடினார்கள். பெயர் தெரியாத நாங்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடிக் கிடந்தோம். என் தங்கச்சி லெட்சுமி அப்போது சின்னப் பெண். அவள் இருமிவிடுவாளோ என்று அம்மா அவள் வாயைப் பொத்திக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எந்த இடத்திலும் முன்வரிசையில் நின்றதில்லை.

ஆய்வுகூட வேலையை ரணவீர சேரிடம் படித்தேன். பொறியியலாளர். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயமே. கத்துகிற ஆள் என்றால் கத்தி முடித்ததும் வீட்டுக்குப் போகலாம். இவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நிற்பார்.

வேலை இதுதான். கொங்கிரீட் போடும்போது அதில் கொஞ்சம் எடுத்து, எண்ணெய் தடவிய இரும்பு அச்சுகளில் மூன்று படையாகக் குத்தி நிரப்ப வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றி, கட்டிக்கு இலக்கம் எழுதி, தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். ஏழாம் நாள் பாதியையும் இருபத்தெட்டாம் நாள் மீதியையும் எடுத்து இயந்திரத்தில் வைத்து நசுக்க வேண்டும். முள் ஏறிக்கொண்டே போகும். எந்த இடத்தில் கட்டி உடைகிறதோ அதுதான் கொங்கிரீட்டின் பலம். நல்ல கட்டி நாலு பக்கமும் உதிர்ந்து நடுவில் உடுக்கை மாதிரி நிற்கும். கெட்ட கட்டி ஒரு பக்கமாகச் சரியும். ரணவீர சேர் முள்ளைப் பார்க்க மாட்டார். உடைந்த கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்பார். யார் கலந்தது? மணல் எங்கே கிடந்தது? அன்றைக்கு வானம் எப்படி?

முதல் இரண்டுக்கும் பதில் இருக்கும். மூன்றாவதற்கு நான் விழிப்பேன். ஆய்வுகூடத்துப் படிவத்தில் வானத்துக்கு இடமே கிடையாது. "கொங்கிரீட் வானத்துக்குக் கீழேதானே கிடக்கிறது ராமையா?" என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

இப்படியே பாலம், மதகு, பள்ளிக்கூடம் என்று வருஷங்கள் ஓடின. அந்தக் காலத்தில் ஒவ்வொருவர் தகவலும் ஒவ்வொரு அலுமாரியில் கிடக்கும். கட்டிப் பரிசோதனை எங்கள் அலுமாரியில். எந்த நாள் எந்த இடத்தில் கொங்கிரீட் போட்டார்கள் என்பது கொந்தராத்துக்காரரின், அதாவது கட்டட வேலையை ஒப்பந்தத்தில் எடுத்தவரின், அலுமாரியில். பெறுபேறு குறைந்தால் நான் சேரிடம் சொல்வேன், சேர் கொந்தராத்துக்காரரிடம் பேசுவார், எங்கேயோ எதையோ உடைத்துத் திருப்பிக் கட்டுவார்கள். என் பெயர் எந்த இடத்திலும் வராது. அப்பா சொன்ன புத்திக்கு அது தோதான உத்தியோகம்.

யுத்தம் முற்றிக்கொண்டிருந்த கடைசி வருஷங்களில்தான் என்னைச் சொந்தத் தோட்டத்துக்கே அனுப்பினார்கள். லயன்களை விட்டு ஆட்களைத் தனித்தனி வீட்டுக்கு மாற்றுகிற திட்டம். மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்கி ஒரு வரிசை வீடு, வீடுகளுக்குப் பின்னால் மண்ணைத் தாங்க ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் ஒரு கொங்கிரீட் சுவர். நடு வீடு என் தங்கச்சி லெட்சுமிக்கு விழுந்தது.

அந்தத் திட்டத்தில்தான் பர்ஸானா மிஸ் புது முறையைக் கொண்டு வந்தார். பழைய பிள்ளைக் காம்பராவை, அதாவது வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விடுகிற அறையை, எங்களுக்குக் கந்தோராக்கி, அந்த அலுவலகத்தில் ஒரு கணினியை வைத்தார்கள். ஆய்வுகூடம் கட்டிப் பெறுபேற்றைப் போட வேண்டும். கொந்தராத்துக்காரர் கொங்கிரீட் போட்ட நாளைப் போட வேண்டும். வீடு பெறுகிற குடும்பங்கள் தங்கள் பங்குக்கு உடலுழைப்புத் தர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அதைத் தோட்டத்துக் கிளாக்கர் போட வேண்டும். ரணவீர சேர் ஒரே பிடியாக நின்று இன்னொன்றையும் சேர்க்க வைத்தார். தோட்டக் கந்தோரில் தினமும் அளக்கிற மழை அளவு. அவருடைய வானத்துக்குக் கடைசியில் ஒரு இடம் கிடைத்தது.

போட்டதை எல்லாரும் உடனே பார்க்கலாம். யாரும் அழிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போட்டவர் பெயர் நிற்கும். நல்லது பச்சை, கெட்டது சிவப்பு.

"ஒவ்வொண்ணுக்கும் பேர் வேணுமா மிஸ்?" என்று கேட்டேன்.

"பேர் இல்லாட்டி யார் பொறுப்பு அண்ணன்?" என்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அப்பா சொன்ன புத்தி ஞாபகம் வந்தது.

அந்தப் பயத்துக்குச் சீக்கிரமே பலன் கிடைத்தது. வேலை நடக்கிற இடங்களைப் படம் எடுத்தும் போட வேண்டும். தோட்டத்தில் இணைய இணைப்பு நத்தை வேகம் என்பதால், படங்களை யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்றுவேன். ஒரு நாள் வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். என் பையில் கமரா இருந்தது. கமராவில் புது வீடுகளுக்குப் போகிற பாதையின் பாலம், மதகு, கம்பி, பாலத்தின் அடிப்பக்கம் எல்லாம் இருந்தன. அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயர் இருந்தது. வேறென்ன வேண்டும்?

பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். "பாலத்துக்கு அடியில் உனக்கென்ன வேலை?" என்று சிங்களத்தில் கேட்டார். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்டபாடு. அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வந்தது எல்லாம் தமிழ். அதைக் கேட்டு அவர் முகம் இன்னும் இறுகியது. பக்கத்து அறையில் யாரோ அடிவாங்குகிற சத்தமோ, பெட்டியை இழுக்கிற சத்தமோ கேட்டது. எது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

பின்னேரம் ரணவீர சேர் வந்தார். சார்ஜன் கதிரையைக் காட்டினார். சேர் அதில் உட்காராமல் என் பக்கத்தில், நான் இருந்த வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்தார். "இந்தப் படங்கள் எனக்காக எடுத்தவை. இவரை வைத்திருப்பதென்றால் என்னையும் வைத்திருங்கள்" என்றார், கடையில் சீனி கேட்கிற குரலில். பொழுது சாய்வதற்குள் விட்டுவிட்டார்கள்.

ஜீப்பில் வரும்போது, "இனிமேல் ஒவ்வொரு படத்திலும் உன் பெயரை எழுது" என்றார்.

"பேர் போட்டா இன்னும் ஆபத்துதானே சேர்?"

"பெயர் இல்லாத படத்தைப் பார்த்துத்தான் அவர் சந்தேகப்பட்டார்."

நான் தலையாட்டினேன். நம்பவில்லை. அன்றிலிருந்து திரையில் என் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாங்கின் குளிர்ச்சி முதுகில் ஏறும்.

இனி அந்தச் சுவருக்கு வருகிறேன்.

வீடுகள் முடிந்துவிட்டன. பால் காய்ச்சிக் குடிபோக ஒரு சனிக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்து வைத்தாகிவிட்டது. லெட்சுமி வாசலில் மாவிலை கட்டுவதற்குக்கூட ஆணி அடித்துவிட்டாள். அவளுடைய மாமனார் தொய்வுக்காரர். லயன் காம்பராவின் புகையில் இரவெல்லாம் மூச்சு வாங்கி இழுத்துக்கொண்டு கிடப்பார். ஜன்னல் வைத்த அறையில் ஒரு நாளாவது படுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வீட்டுக்காக அவரும் உழைத்திருந்தார். அந்த வயதிலும் தாச்சிச் சட்டியில் கொங்கிரீட் சுமந்து சுவருக்குக் கொட்டியவர். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது நாங்க தூக்கிக் கொட்டுன செவரு" என்று தட்டிக் காட்டுவார்.

குடிபோகிற வாரம், கையளிப்பதற்கு முன்னால் கடைசிக் கூட்டம். பர்ஸானா மிஸ் எல்லாத் தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பக்கமாகத் திரையில் காட்டினார். கட்டிகள் எல்லாம் பச்சை. மிஸ்ஸுக்கு நல்ல சந்தோஷம்.

"பாருங்க சேர், சுவர் வேலை நடந்த நாளெல்லாம் குடும்பங்கள்ட உழைப்பு எவ்வளவு கூடியிருக்கு! மற்ற நாள்ல ரெண்டு மூணு பேர்தான். சுவர் நாள்ல லயனே வந்திருக்கு."

ரணவீர சேர் பொத்தானைத் திருகத் தொடங்கினார். "ஏன் அந்த நாட்களில் மட்டும்?" என்று என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு வெட்டு இருந்திருக்காது சேர்" என்றேன், ரொம்பச் சாதாரணமாக. "மரம் நனைஞ்சா பால் வெட்ட முடியாதுல்ல. காலைல பெரட்டுக் கூட்டத்துல பேர் எடுத்துட்டு ஆளுகளத் திருப்பி அனுப்பிருவாங்க. சும்மா இருக்கிற நாள்லதான் வீட்டு வேலைக்கு..."

அதோடு என் வாய் நின்றுவிட்டது. சேரின் விரலும் நின்றது. மூன்று பேரும் மழை அளவு இருந்த வரியைப் பார்த்தோம். சுவருக்குக் கொங்கிரீட் போட்ட நாளெல்லாம் மழை. ஒரு நாள்கூடத் தப்பாமல்.

யாரும் சீமெந்தைத் திருடவில்லை. யாரும் பொய் எழுதவில்லை. உயரமான சுவருக்கு நிறையக் கை வேண்டும். நிறையக் கை கிடைப்பது மழை நாளில்தான். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அது அவ்வளவு இயல்பு, யாருக்கும் உறைக்கவே இல்லை. மணல் குவியல் நனைந்து கிடந்திருக்கிறது. அதற்கு மேல் வழக்கமான தண்ணீரையும் ஊற்றிக் கலந்திருக்கிறார்கள். கொட்டினதன் மேலும் மழை பெய்திருக்கிறது. கட்டிகளை மட்டும் கொந்தராத்துக்காரரின் ஆட்கள் தகரக் கொட்டிலுக்குள், அங்கே கிடந்த நனையாத மணலில் வந்த முதல் கலவையில், ஒழுங்காகக் குத்தி எடுத்திருக்கிறார்கள். அதை வாங்கி நசுக்கினது மட்டும்தான் நான். கட்டி பச்சை. சுவரைப் பற்றி அந்தக் கட்டிக்கு ஒன்றும் தெரியாது.

சேர் அன்றே கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. ஜீப்பில் ஏறும்போது சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள் சுவரை நீயே சுத்தியல் வைத்துப் பார். பெறுபேற்றை எனக்குச் சொல்லாதே. கணினியில் போடு."

"உங்ககிட்ட சொல்லிட்டுப் போடுறேனே சேர்."

"என்னிடம் சொன்னால் நான் யாரிடமாவது பேசுவேன். பேச்சு திங்கள் வரைக்கும் இழுக்கும். சனிக்கிழமை ஆட்கள் உள்ளே இருப்பார்கள்."

வெள்ளிக்கிழமை வானம் மூடிக் கிடந்தது. அது வில்லுச் சுத்தியல். சுவரில் வைத்து அமுக்கினால் உள்ளே இருக்கிற வில் தட்டித் திரும்பும், எவ்வளவு திரும்புகிறது என்று எண் காட்டும். கெட்டியான கொங்கிரீட்டில் டக்கென்று கேட்கும். சோக்கால் கட்டம் போட்டு, அடியிலிருந்து தொடங்கினேன். அடிப்பட்டை பரவாயில்லை. நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. ஈரச் சாக்கில் தட்டுகிற சத்தம். எண் சரசரவென்று இறங்கியது. வேறு இடம் வைத்தேன், சுத்தியலை மாற்றிப் பிடித்தேன், என் பிடிதான் தளர்ந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு கையாலும் அமுக்கினேன். அதே எண். லெட்சுமி வீட்டுக்கு நேர் பின்னால்தான் ஆக மோசம்.

இன்னொன்றையும் கவனித்தேன். சுவருக்குப் பின்னால் சேருகிற தண்ணீர் வெளியேறக் குழாய் பதித்த துளைகள் வரிசையாக இருக்கும். போன வாரமெல்லாம் மழை. ஆனால் நடு வரிசைத் துளைகள் உலர்ந்து கிடந்தன. அப்படியென்றால் பெய்த தண்ணீர் எங்கே?

பிள்ளைக் காம்பராவில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். எண்களைப் போட்டேன். கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்த நிமிஷமே கொந்தராத்துக்காரர் பார்ப்பார், தோட்டத்தை நடத்துகிற துரை பார்ப்பார், கொழும்பு பார்க்கும். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ராமையா என்று நிற்கும். கொந்தராத்துக்காரருக்கு மேலே ஆள் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு தமிழனை இல்லாமலாக்கப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை, ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். சார்ஜனுக்கு என் முகம் தெரியும், கமராவும் தெரியும். சேருக்கு அழைத்துப் பார்த்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. அப்பா காதுக்குள்ளேயே நின்று பேசினார். வெளியே தூறல் விழத் தொடங்கியது. லெட்சுமி வீட்டுப் பிள்ளைகள் புது வீட்டுக்குப் பாய் சுமந்து போவது ஜன்னலில் தெரிந்தது. அழுத்திவிட்டேன். அழுத்தினது தைரியத்தில் இல்லை. அந்தப் பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

துரை உடனே ஆள் அனுப்பி வீடுகளைப் பூட்டினார். கொஞ்ச நேரத்தில் லெட்சுமி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"என்னாண்ணே இது? ஒம் பேருதான் செவப்புல நிக்குதாமே? கிளாக்கர் ஐயா சொல்றாரு."

"செவரு சரியில்ல லெட்சுமி."

"எது சரியில்ல? எங்க மாமா மழையில நனைஞ்சு தூக்குன செவரு! நீ ஒரு சுத்தியல வச்சுத் தட்டிப்புட்டு கெட்டுப்போச்சுங்கிறியா? அந்த மனுசன் மூச்சு விட முடியாம கெடக்காரு. ஒனக்குக் கண்ணில்லயா?"

மழையில் நனைந்ததுதான் காரணம் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? அவள் அழுதுகொண்டே போனாள். அன்று முழுக்க லயனில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் நாய்கள் குரைத்தன. நான் தங்கியிருந்த லயன் காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்தேன். லயன் முனையில் சோமபால பாஸ். அந்தச் சுவரைக் கட்டிய மேசன், கொந்தராத்துக்காரரின் ஆள். பக்கத்து ஊர்க்காரர். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். பாஸ் தோளில் அலவாங்கு என்கிற கடப்பாரை. அக்கம்பக்கத்துக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. ரப்பர் காடு எந்தப் பக்கம் என்றுதான் முதலில் பார்த்தேன். இந்த வயதில் ஓடி என்ன ஆகப்போகிறது என்று வாசலிலேயே நின்றேன்.

பாஸ் கிட்டே வந்தார். கண் சிவந்திருந்தது. "நேற்று முழுக்க நித்திரை இல்லை ராமையா" என்றார் சிங்களத்தில். "எந்த இடம் என்று காட்டு."

நாலு பேரும் நடந்தோம். அலவாங்கு எனக்குப் பின்னால் வந்தது. புது வீடுகளின் முன்னால், பூட்டின கதவுக்கு எதிரே, லெட்சுமி பால் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நல்ல நேரம் தப்பக்கூடாது என்று வாசலிலாவது காய்ச்சிவிடுகிற எண்ணம். மாமனாரையும் ஒரு கதிரையில் உட்கார வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் பின்னாலேயே வந்தாள்.

சோக்கால் போட்ட கட்டத்தைக் காட்டினேன். பாஸ் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். உலர்ந்து கிடந்த துளைக்குப் பக்கத்தில் அலவாங்கை வைத்து ஒரே குத்து. சுவருக்குள் அலவாங்கு இறங்கியது. கல்லும் மணலும் கையால் அள்ளிப் போட்ட மாதிரி உதிர்ந்தன. மறுபடி குத்தினார். உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் பீறிட்டு அவர் நெஞ்சில் அடித்தது. மழையில் கரைந்த சீமெந்து துளைக் குழாய்களுக்குள் ஓடி இறுகி, எல்லாவற்றையும் அடைத்திருந்தது. அத்தனை நாள் மழையும் அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஜன்னல் வைத்த அறைக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் கை நீளம்தான் இடம்.

"எல்லாரும் கீழ போங்க! தள்ளுங்க!" என்று நான் கத்தினேன். என் குரலை நானே கேட்டது அன்றைக்குத்தான்.

லெட்சுமி தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, "பால் திரிஞ்சு போயிரும்" என்று சட்டியை எடுத்துக்கொண்டு, மாமனாரைக் கைத்தாங்கலாகப் பிடித்து லயனுக்கு இறங்கினாள். கிழவர் திரும்பித் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டே போனார்.

பாஸ் நனைந்த சட்டையோடு என்னைக் கூட்டிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். சிவப்புக் கோட்டைக் காட்டச் சொன்னார். என் பெயர் தனியாக நின்றது.

"மகே நமத் தாண்ட" என்றார். என் பெயரையும் போடு.

"கொந்தராத்துக்காரர் பாப்பாரு பாஸ். வேலை போயிரும்."

"மழை என்று எனக்குத் தெரியும். நிறைய ஆள் வந்திருக்கிறார்கள் என்று கொங்கிரீட்டைப் போட்டேன். எழுது."

எழுதினேன். சிவப்புக் கோட்டில் என் பெயருக்குக் கீழே அவர் பெயர். மத்தியானம் தோட்டத்துக் கிளாக்கர் தன் பெயரைப் போட்டார். பின்னேரம் கொழும்பிலிருந்து ரணவீர சேர் பெயர் வந்தது. அன்று ராத்திரி நான் தூங்கினேன். நான்கு பெயரில் ஒரு பெயராக நிற்பது தனியாக நிற்பதைப் போல இல்லை.

பாஸுக்கு வேலை போனது, பிறகு வேறிடத்தில் கிடைத்தது. சுவரை உடைத்துத் திருப்பிக் கட்டினார்கள். மழை அளவு ஏறினால் கொங்கிரீட்டுக்கு அனுமதி வராதபடி பர்ஸானா மிஸ் கணினியிலேயே வழி செய்தார். ஆனால் வெயில் நாளில் வெட்டு இருக்கும், ஆள் வராது. வேலை இழுத்துக்கொண்டே போனது. முடிவதற்குள் லெட்சுமியின் மாமனார் லயன் காம்பராவில், அதே புகையில், கண்ணை மூடிவிட்டார். கடைசியில் கேட்டதும் ஜன்னலைத்தான். லெட்சுமி என்னை வையவில்லை. வைதிருந்தால் தேவலை. யுத்தம் முடிந்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். அதே வருஷம் அவள் குடிபோனாள். எனக்குச் சொல்லி அனுப்பினாள், நேரில் வந்து அழைக்கவில்லை. போனேன். பால் குடித்தேன். சுவரைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

பிள்ளைகளே, அந்த முறை எப்படி உதவியது என்று கேட்டால், என் தங்கச்சி உயிரோடு இருக்கிறாள் என்பேன். அவள் மாமனாரைப் பற்றியும் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஒவ்வொரு சிவப்புக்கும் பின்னால் யாரோ தூக்கிக் கொட்டின தாச்சி இருக்கிறது, அதைக் கைநூலில் போடுங்கள்.

இப்போது நான் யட்டியாந்தோட்டை டவுனில் மகன் வீட்டில் இருக்கிறேன். மழை வலுத்தால் எனக்கு இன்றும் உட்கார முடியாது, கூரையைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். லெட்சுமி குடிபோன பிறகு வந்த முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் அப்படி நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. லெட்சுமி. நலமா என்று ஒரு வார்த்தை கிடையாது. அன்றிலிருந்து எந்தப் பெருமழைக்கும் அவள் கூப்பிடத் தவறியதில்லை. நேற்றும் கூப்பிட்டாள்.

"அண்ணே, வீட்டுக்குப் பின்னால போயி செவத்து ஓட்டை எல்லாத்துலயும் கைய வச்சுப் பாத்துட்டேன். ஒண்ணு அடைச்சிருந்துச்சு, ஈர்க்க விட்டுக் குத்திட்டேன். எல்லாத்துலயும் தண்ணி வருது. நீ படுத்துக்க."